சுன்னாகத்தடியில் கறுக்கும் திரை

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். முன் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிறு ஐந்தரைக்குச் சத்தம் இல்லையென்றால் எங்கேயோ பிழை. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். இவர் சேட்டில் குத்திக் கதைக்கும் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். ஸ்ரியரிங்கின் மேல் ஒரு துவாய் கிடந்தது. முன்பு ரிவிக்குப் போட்டிருந்த பின்னல் துணியை எடுத்து மொனிற்றருக்கு மேல் விரித்துக்கொண்டிருந்தார். நான்கு மூலையும் சரியாக வரும்வரை இழுத்து இழுத்து விட்டார்.

“இஞ்சேரும், நான் இனி ஓடேல்லை,” என்றார்.

இருபத்தெட்டு வருசம் பஸ் ஓடிய மனிதர்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். ஒருமுறை சமையலில் உப்புக் கூடியதை எழுதப்போய், ஒரு கிழமை என்னோடு கதைக்காமல் இருந்தாரே... அவரேதான். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். வயது அறுபத்தாறு. அரசாங்க பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து தெல்லிப்பழைப் பக்கம் போகும் பஸ்ஸில் நீங்கள் எப்போதாவது ஏறியிருந்தால், இவர் பிரேக் பிடித்து நீங்கள் ஒருமுறையாவது முன்சீற்றுக்காரர்மேல் விழுந்திருப்பீர்கள். இல்லை, அப்படி யாரும் விழுந்ததே இல்லை என்பார் இவர்.

இரண்டு வருசத்துக்கு முன்னர் மெல்லிய பாரிசவாதம் ஒன்று வந்து தட்டிவிட்டுப் போனது. கை கால் எல்லாம் தேறிவிட்டது. ஆனால் இனி எந்த வாகனமும் ஓடக்கூடாது, மோட்டார் சைக்கிளும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளைப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருசம் பேச்சே இல்லை. உடுவிலில் எங்கள் வீடு றோட்டுக்குக் கிட்ட. வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு, “உவன் மூண்டாம் கியரிலை இழுக்கிறான்,” என்பார். ஒரு நாளைக்கு வாயைத் திறப்பது அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்து பார்ப்பது பெரிய கொடுமை. உப்பைப் பற்றிச் சண்டை பிடித்தாலாவது நல்லது என்று இருந்தது எனக்கு.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் மகள் சிந்துஜாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பஸ் ஓடுகிற கேம் ஒன்று. மேசையில் பூட்டும் ஸ்ரியரிங், காலுக்குப் பெடல், எல்லாம் ஊருக்கு வந்த உறவினர் ஒருவரின் பெட்டியில் வந்து சேர்ந்தது. ஸ்ரியரிங்கைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்ற நான் விடவில்லை. ஊத்தைப்பட்டுவிடும் அல்லவா? கை வழுக்குகிறது என்று இவர் மூன்றாம் நாள் பிய்த்துவிட்டார். இந்தப் பொலித்தீன் விசயத்தை நினைவில் வைத்திருங்கள்.

டொக்டரிடமும் கேட்டோம். விளையாடலாம், கைக்கும் நல்லது, ஆனால் தலைச்சுற்றோ தலையிடியோ வந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை.

இவரோடு பதினொரு வருசம் கொண்டக்டராக நின்றவர் தவராசா. இப்போது அவரும் ரொறன்ரோவில். இங்கே பின்னேரம் ஐந்து மணி என்றால் அங்கே காலை ஏழரை. அந்த நேரத்துக்கு இரண்டு பேரும் இன்ரர்நெற் வழியாக ஒரே றோட்டில் இறங்குவார்கள். இவர் ஒரு பஸ். பின்னால் தவராசா இன்னொரு பஸ். பதினொரு வருசம் ஃபுட்போர்ட்டில் நின்று இவருடைய ஓட்டத்துக்குக் குறை சொன்ன மனிதருக்கு ஸ்ரியரிங் பிடிக்கக் கிடைத்தது இப்போதுதான்.

கேமில் இருப்பது ஜேர்மனியோ எதுவோ. பனி பெய்கிறது. மலை தெரிகிறது. இவர்களுக்கு அதைப்பற்றி என்ன கவலை? முதலாவது தரிப்பிடத்துக்குக் கொக்குவில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்தது கோண்டாவில். பிறகு இணுவில், மருதனார்மடம். சனமும் கடையும் காருமாக நெரிபடுகிற ஒரு பெரிய பட்டணம் வரும், அது சுன்னாகம். மல்லாகத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். கடைசித் தரிப்பிடம் தெல்லிப்பழை. ஸ்பீக்கரில் ரொறன்ரோவிலிருந்து ஒரு குரல், “இணுவில் இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ,” என்று கத்தும். இவர் இங்கிருந்து அதற்கு ஒரு பதில் கத்துவார். ஒரு மணித்தியாலம் வீடு அதிரும். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நான் உங்களுக்கு இந்தப் பத்தியை எழுதுவேன். இந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு எழுத்தே ஓடாது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஹோலில் இருந்த ரிவியிலேதான் கேம். கொம்பியூட்டர் முன் அறையில், ரிவி ஹோலில். இடையில் ஒரு நீள வயர், ஐந்து மீற்றர் இருக்கும். குறை ஒன்றும் இல்லை.

மகளுக்குத்தான் குறை தெரிந்தது. அப்பாவின் கண்ணுக்கு ரிவி நல்லதல்ல, கேமுக்கென்றே செய்த மொனிற்றர் இருக்கிறது, படம் பட்டுப்போல ஓடும் என்றாள். அனுப்பியும் விட்டாள். நல்ல பெரிய மொனிற்றர். முன் அறையிலேயே கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். இவர் ஸ்ரியரிங்கைப் பூட்டினார். ரிவியிலிருந்து கழற்றிய வயரை மொனிற்றரில் செருகினது நான்.

பிரச்சினை தொடங்கியது அன்றைக்குத்தான்.

வெளி றோட்டில் போகும்போது படம் கண் சிமிட்டுவது மாதிரி மினுங்கும். சுன்னாகத்தடிக்கு வந்தால், சனமும் கடையும் தெரியத் தொடங்க, திரை அப்படியே கறுத்துவிடும். இரண்டு செக்கன்தான். ஆனால் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும் சாரதிக்கு இரண்டு செக்கன் இருட்டு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வெளிச்சம் திரும்பி வரும்போது பஸ் றோட்டில் இருக்காது.

“அண்ணை, வயலுக்கை என்ன செய்யிறியள்?” என்று ரொறன்ரோவிலிருந்து குரல் வரும்.

முதல் நாள் இவரும் சிரித்தார். இரண்டாம் ஞாயிறு சிரிக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, ஓடி முடிந்த பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். டொக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். இந்த ஒரு மணித்தியாலமும் போனால் பிறகு என்ன? வாசல் கதிரையும் மூன்றாம் கியரும்தானே?

விடக்கூடாது என்று இறங்கினேன். என் முதலாவது கண்டுபிடிப்பு — பக்கத்து வளவுத் தண்ணீர் மோட்டார். அங்கே வெங்காயத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு லைற் ஒரு தரம் மங்கித்தான் எரியும். அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, வேலிக்கு மேலால் கதைத்தேன். ஞாயிறு ஐந்திலிருந்து ஆறு மணிவரை மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார்கள். இவர் பஸ் ஓட வேண்டும் என்றேன். அந்த வீட்டு மனிசி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் நல்ல சனம். அந்த ஞாயிறு வெங்காயம் தண்ணீர் இல்லாமல் நின்றது. இங்கே திரை வழக்கம்போலச் சுன்னாகத்தடியில் கறுத்தது.

அடுத்தது நிஸாம். யாழ்ப்பாண நகரத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவர். எங்கள் கொம்பியூட்டர் அவரிடம் வாங்கியதுதான். நாற்பது வயது தாண்டியவர். பொறுமை என்றால் அவரிடம் படிக்க வேண்டும். முதலில் போனில் சொல்லித் தந்தார். கொம்பியூட்டரில் ஒரு ட்றைவர் இருக்கிறது, அது பழசாகிவிட்டது, புதிசு போட வேண்டும் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் பக்கத்தில் நின்றார். அந்தப் பகிடியை நான் இங்கே எழுதப் போவதில்லை. வருகிற போகிற எல்லோருக்கும் இவரே சொல்லி முடித்துவிட்டார்.

புது ட்றைவர் போட்டும் சரிவரவில்லை. சனிக்கிழமை காலை நிஸாம் பையைத் தூக்கிக்கொண்டு நேரிலே வந்துவிட்டார்.

பிரச்சினை என்னவென்று அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கொம்பியூட்டர் ஒரு செக்கனுக்குள் எத்தனையோ படம் கீறித் தள்ளுகிறது. வெறும் றோட்டென்றால் நூறு படம் கீறும். சனம் நிறைந்த சந்தையென்றால் திணறிப்போய் நாற்பதுதான் கீறும். சாதாரண மொனிற்றருக்கு அந்தக் கவலை இல்லை. அது தன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் படத்தை மாற்றிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி கேம் மொனிற்றர், கொம்பியூட்டர் படத்தைத் தரும்வரைக்கும் பார்த்திருந்து, தந்த பிறகுதான் மாற்றும். வேகம் கூடிக் குறையும். அதற்கு வேரியபிள் ரிஃப்ரெஷ் ரேற் என்று பெயராம்.

நான் தலையை ஆட்டினேன். விளங்கவில்லை.

இவருக்கு உடனே விளங்கியது. “எங்கடை பஸ் மணிதானே தம்பி,” என்றார். “கொண்டக்டர் சனத்தை ஏத்திப்போட்டு ரெண்டு மணி அடிப்பான். அதுக்குப் பிறகுதான் ட்றைவர் எடுக்கவேணும். மணியைப் பாக்காமல் தன்ரை பாட்டுக்கு எடுத்தால் ஃபுட்போர்ட்டிலை நிக்கிறவன் றோட்டிலை.”

நிஸாம், இனிமேல் எல்லோருக்கும் இப்படியே சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். அந்த வேரியபிள் சங்கதியை நிறுத்தினால் மினுங்கலும் இல்லை, கறுப்பும் இல்லை. ஆனால் றோட்டோர லைற் தூண் இரண்டாகப் பிளந்தது. மேல் பாதி முன்னுக்குப் போகிறது, கீழ்ப் பாதி பின்னுக்கு நிற்கிறது. அதைப் பார்க்க எனக்கே தலை சுற்றியது. இன்னொரு செற்றிங் போட்டார். தூண் ஒட்டிக்கொண்டது, ஆனால் ஸ்ரியரிங்கைத் திருப்பினால் பஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. இவர் கையை எடுத்துவிட்டார். திரும்ப வேரியபிளையே போட்டு, நூறு படம் கீறுகிற இடத்தில் எழுபதுக்குமேல் கீறாதே என்று ஓர் எல்லை வைத்தார். மினுங்கல் பாதியாகக் குறைந்தது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பஸ் சுன்னாகத்துக்கு வந்தது. திரை கறுத்தது.

நிஸாம் எழும்பி மொனிற்றருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்த நேரம்.

“அக்கா, இந்த வயர் மொனிற்றர் பெட்டியோடை வந்ததுதானே?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

சொன்ன அந்தக் கணத்திலேயே என் மனக்கண்ணில் அலுமாரி திறந்தது. மொனிற்றர் பெட்டிக்குள் ஒரு புது வயர் இருந்தது. கறுத்தது, தடித்தது, ஒரு சின்னப் பைக்குள் அழகாக மடித்துக் கட்டியிருந்தது. ரிவி வயரின் முனையும் அதே மாதிரித்தான் இருந்தது, அதுவே பொருந்தவும் பொருந்தியது. பிறகு எதற்குப் புதிதைக் கெடுப்பது? நல்லதொரு தேவைக்கு இருக்கட்டும் என்று கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தவள் நான்தான்.

அப்படியானால் ஏன் ஓம் என்றேன்? வெயிலுக்குள் நகரத்திலிருந்து வந்த மனிதர், இவர் பக்கத்தில் நிற்கிறார், மகள் அனுப்பியதைப் பூட்டி வைத்தேன் என்று எப்படிச் சொல்வது... வயரென்றால் வயர்தானே, அதற்குள் என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது... இப்படி ஐந்தாறு காரணம் ஒரே நேரத்தில் வந்தது. வாய் முந்திவிட்டது.

நிஸாம் அதை நம்பினார். அப்படியென்றால் மொனிற்றரிலேயே ஏதோ பிழை, வெளிநாட்டில் வாங்கியது என்றபடியால் இங்கே திருத்த முடியாது, திருப்பித்தான் அனுப்ப வேண்டும் என்றார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள்தான் இவர் பின்னல் துணியை எடுத்து விரித்தது.

அன்றைக்கு ஆறு மணியளவில் தவராசா போன் எடுத்தார். ஏன் அண்ணை பாதியில் நின்றுவிட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். இவர் வாசல் கதிரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இனி ஏலாது, மொனிற்றரில் பிழை என்று தொடங்கியவர், என்ன நினைத்தாரோ, பழைய கதை ஒன்றுக்குப் போய்விட்டார்.

இவர்களுடைய பஸ்ஸில் ஒருமுறை பெரிய குழப்பம் வந்ததாம். தவராசா மணி அடிப்பார், பஸ் எடுபடாது. சில நேரம் ஒரு மணிதான் கேட்கும். ஒரு மணி என்றால் நிற்க வேண்டும், இவர் நிற்பார். அவர் அடித்ததோ இரண்டு. காது கேளாத ட்றைவர் என்று அவர் டிப்போவில் சொல்ல, அடிக்கத் தெரியாத கொண்டக்டர் என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் ஒரு கிழமை முகம் பார்க்கவில்லை. டிப்போவில் பிரேக்கைப் பார்த்தார்கள், மணியைப் பார்த்தார்கள், ஆளை மாற்றலாமா என்றுகூடப் பார்த்தார்கள்.

“பேந்து என்ன பாத்தால், உன்னிலையும் பிழை இல்லை, என்னிலையும் பிழை இல்லை,” என்று இவர் போனில் சொன்னது தெளிவாகக் கேட்டது. “இடையிலை கிடந்த கயிறு. நடுவிலை இத்துப்போய்க் கிடந்திருக்கு. அதை ஒருத்தரும் பாக்கேல்லை.”

மடித்த உடுப்பை அப்படியே கட்டிலில் போட்டேன்.

ட்றைவரில் பிழை இல்லை. கொண்டக்டரில் பிழை இல்லை. மொனிற்றர் நல்லது. கொம்பியூட்டர் நல்லது. இடையில் கிடந்த கயிறு... அது நான் செருகினது. மூன்று நாலு கிழமையாக இந்த மனிதரின் தலையிடிக்குக் காரணம் நான். பக்கத்து வீட்டு வெங்காயத்தை வாடவிட்டதும் நான். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம் இல்லை, அழுகை.

அலுமாரியைத் திறந்தேன்.

வயர் இருந்தது. கூறைச் சேலைக்குப் பக்கத்தில், பையும் பிரிக்காமல். அதைத் தேடிய கை மற்றவற்றையும் தொட்டது. மகள் முதல் தடவை வந்தபோது கொண்டுவந்த துவாய்கள், நான்கும் மடிப்புக் குலையாமல். நாங்கள் துடைப்பது நூல் தெரிகிற துவாயால். கட்டிலுக்கு விரிக்க இரண்டு பெற்சீற், ஒட்டின கடதாசி அப்படியே. ஒரு சென்ற் போத்தல், திறக்காமலே பாதியாக வற்றிவிட்டது. ஆறு கப்பும் ஆறு சோசருமாக, தங்கக் கரை போட்ட தேத்தண்ணி செற், பெட்டியும் உடைக்காதது. எதற்காக இதெல்லாம்? நல்ல நாளுக்கு. யாராவது வந்தால். வந்தவர்களுக்கும் இதுவரை எடுத்ததில்லை, அவர்களைவிட நல்லவர்கள் வரலாம் அல்லவா?

சிரிக்க வேண்டாம். பத்தியை வைத்துவிட்டுப் போய் உங்கள் அலுமாரியைத் திறந்து பாருங்கள். ரிமோற்றுக்குப் பொலித்தீன் உறை போடாத வீடு எங்கள் பக்கத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

இது வெறும் கஞ்சத்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் எத்தனை தரம் பெட்டி கட்டிக்கொண்டு ஓடினவர்கள் நாங்கள். நல்லதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால், அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். அப்படி வந்த பழக்கம். ஓட்டம் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. கை மட்டும் இன்னும் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறது.

எடுத்த வயரோடு நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை. கிழமை முழுக்க நல்ல நேரம் பார்த்தேன். சனிக்கிழமை இவர் தலைமயிர் வெட்டப் போனார். மேசைக்குக் கீழே தவழ்ந்து போய், பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினேன். என் வயதில் மேசைக்குக் கீழே போவது சுகம். வெளியே வருவதுதான் பாடு. பழைய வயரைச் சுருட்டி, புது வயர் இருந்த அதே பைக்குள் போட்டு, அலுமாரியில் அதே இடத்தில் வைத்தேன். எறிய மனம் வரவில்லை... நல்லதொரு தேவைக்கு இருக்கட்டும்.

ஞாயிறு ஐந்து மணிக்கு, கடைசியாக ஒருக்கால் ஓடிப் பாருங்கோ என்றேன். இவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பின்னல் துணியை எடுத்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதிரையில் இருந்தார். நான் முன்னரே போனில் சொல்லி வைத்தபடி தவராசா அங்கே காத்திருந்தார்.

நான் பேனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தேன். ஒரு வரி எழுதவில்லை.

கொக்குவில். கோண்டாவில். மினுங்கவில்லை போலிருக்கிறது, சத்தம் எதுவும் வரவில்லை. இணுவிலில் ஆளை இறக்கினார்கள். மருதனார்மடம் தாண்டியது. எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுன்னாகம் வந்தது. கடைகள், கார்கள், குடை பிடித்த சனம். இவருடைய தோள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்தார், இருட்டு வந்தால் நேராக வைத்திருக்கலாம் என்று.

இருட்டு வரவில்லை. பஸ் வளைவில் திரும்பியது. ஒரு தூண்கூடப் பிளக்கவில்லை. மகள் சொன்ன பட்டு இதுதான் என்று அப்போது விளங்கியது. சந்தை பின்னால் போய், மல்லாகத்துக் கோபுரம் தெரிந்தது.

“என்ன அண்ணை, இண்டைக்கு வயலுக்கை இறங்கேல்லையோ?” என்றார் தவராசா.

“பின்னாலை வாறதெண்டால் ஒழுங்கா வா. ஹோர்ன் அடிக்காதை,” என்றார் இவர். அந்தக் குரலில் அதட்டல் இருந்தது. எனக்கு அது போதும்.

தெல்லிப்பழைவரைக்கும் போய், திரும்பியும் ஓடினார்கள். தலையிடி இல்லை. நிஸாம் வைத்த எல்லைதான் வேலை செய்திருக்கிறது என்று இவர் சொன்னார். இருக்கும் என்றேன் நான். பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் கேட்டபோது, மோட்டார் போடாத புண்ணியம் என்றேன். இப்படி எல்லோருக்கும் ஒரு பங்கு கொடுத்து நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறேன். தலைக்கு மேலே மணிச் சத்தம். இரண்டு தரம்.

நிமிர்ந்து பார்த்தால், ஜன்னல் கம்பியில் ஆட்டுக்குக் கட்டுகிற சின்ன மணி ஒன்று தொங்குகிறது. மணியில் கட்டியிருப்பது ஒரு நீளக் கறுத்த வயர். அது குசினியிலிருந்து ஹோல் சுவரோடு போய், ஆணியில் வளைந்து, முன் அறைக்குள் போகிறது. ஐந்து மீற்றர். அந்த வயரை எனக்குத் தெரியாதா?

முன் அறையில் இவர் மறு முனையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“ரெண்டு மணி எண்டால் தேத்தண்ணி,” என்றார். “ஒரு மணி எண்டால் வேண்டாம்.”

“எப்ப கண்டனீங்கள்?”

“ஞாயிறு ஓட முதலே. வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பாக்காமல் நான் எடுத்திருக்கிறனோ? பின்னாலை புது வயர் கிடக்கு. பழசு எங்கை போயிருக்கும் எண்டு யோசிச்சன். உம்மடை அலுமாரியை விட வேறை எங்கை?”

“பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

பிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நிஸாமுக்குச் சொன்ன ஓம், மேசைக்குக் கீழே தவழ்ந்தது, அலுமாரிக்கு முன்னால் அழுதது. கேட்டுக்கொண்டே இருந்தார். அழுதீரோ என்று மட்டும் ஒரு தரம் கேட்டார்.

நிஸாமுக்கும் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். ரிவிக்கென்று செய்த பழைய நீள வயருக்கு இந்த மொனிற்றரின் கூடிக் குறைகிற வேகத்தைத் தாங்கத் தென்பில்லை, அதுதான் கறுத்தது என்று விளக்கினார். “எங்கடை உம்மாவும் இப்பிடித்தான் அக்கா. நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து இவ்வளவு காலம், இன்னும் ரெண்டு பெட்டி கட்டினபடி கிடக்கு,” என்றார். இனிமேல் எந்த வீட்டிலும் வயரைப் பற்றிக் கேட்கப் போவதில்லையாம், புது வயர் ஒன்றைத் தானே கொண்டுபோய் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்றது எல்லாமாம். வெங்காயக்காரிக்கும் சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு பார்வை பார்த்தார்.

நேற்றுப் பின்னேரம் மணி இரண்டு தரம் அடித்தது. தேத்தண்ணி ஊற்றப் போனவள், அப்படியே நின்றேன். பிறகு அலுமாரிக்குப் போனேன். அந்தப் பெட்டியை உடைத்தேன். கப் ஒன்றை எடுத்துக் கழுவினேன். தங்கக் கரை மினுங்கியது — இந்த மினுங்கல் நல்லது. சோசரோடு கொண்டுபோய் இவர் கையில் கொடுத்தேன்.

கப்பைப் பார்த்தார். எழும்பி ஜன்னலால் வாசலை எட்டிப் பார்த்தார். சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

“ஆர் வந்திருக்கினம்?”

“ஒருத்தரும் வரேல்லை. உங்களுக்குத்தான். இருந்து குடியுங்கோ.”

இருந்தார். இரண்டு கையாலும் கப்பைப் பிடித்தார், சுன்னாகத்தடியில் ஸ்ரியரிங்கைப் பிடித்த மாதிரி.

“கை வழுக்கி உடைஞ்சால்?” என்றார்.

“இன்னும் அஞ்சு இருக்கு,” என்றேன்.